உடைந்த போல்ட், துருப்பிடித்த போல்ட்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பவை

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி ஓய்வதில்லை. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள், சரக்கு வேன் வைத்திருப்பவர்கள், கடற்பாலம் தாண்டி நாள்தோறும் வேலைக்கு வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே துயரம்: "அண்ணே, போல்ட் உடைந்துவிட்டது." ஒரே பதிலைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போது எழுதியே வைத்துவிட்டேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளைப் பற்றியவை. காருக்கும் வேனுக்கும் முறை ஒன்றுதான்.

நம் ஊரில் பனி பெய்வதில்லை, சாலையில் உப்பும் தூவுவதில்லை. பிறகு ஏன் போல்ட் இப்படி இறுகிப்போகிறது?

உப்பு தேவையில்லை, ஈரமே போதும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நனைந்த வண்டியின் வெளிப்பக்கம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மரைக்குள், அதாவது போல்ட்டின் திருகுப் பள்ளங்களுக்குள், புகுந்த நீர் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். சாங்கி, துவாஸ் பக்கம் நிறுத்தப்படும் வண்டிகளுக்குக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

இரும்பு துருவாக மாறும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. மரைகளுக்கு நடுவே இருந்த மயிரிழை இடைவெளியில் அந்தத் துரு ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும். இன்ஜின் உறை அலுமினியமாகவும் போல்ட் எஃகாகவும் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. இரண்டு உலோகங்களும் ஈரமும் சேர்ந்தால் பேட்டரிக்குள் நடப்பது அங்கே நடக்கிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகிறது. சிவப்புத் துருவைவிட அந்த வெள்ளைத் தூளுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். எண்ணெய் அதற்குள் எளிதில் இறங்காது.

எவ்வளவு பலம் கொடுக்கலாம்? உடையப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும், கை சொல்லும். நல்லபடியாகக் கழலும் போல்ட் முதலில் அசைய மறுத்து, பிறகு "டக்" என்ற ஒலியுடன் விடுபடும். உடையப்போகும் போல்ட் ஒலியே எழுப்பாது. ஸ்பேனர் மெதுவாக, மிட்டாயை முறுக்குவதுபோல் இழுபடும். கையை விட்டால் சற்றே பின்னோக்கி வரும். தலை மட்டும் திரும்புகிறது, அடிப்பகுதி நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று அதற்குப் பொருள். அந்த உணர்வு வந்த நொடியில் நிறுத்திவிடுங்கள்.

எம்6 போல்ட்டுக்கு, அதாவது பெரும்பாலும் 10 எண் ஸ்பேனர் பொருந்தும் சிறிய போல்ட்டுக்கு, வழக்கமான இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர். 15 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை அவ்வளவுதான். அதன் இரு மடங்கை எட்டுவதற்குள் அது முறியக்கூடும். துரு தின்ற போல்ட் அதற்கும் முன்பே போய்விடும். எனவே எம்6 போல்ட்டுக்கு நீளமான குழாயை மாட்டி நெம்பாதீர்கள். என்னிடம் வந்த உடைந்த போல்ட்டுகளில் பெரும்பாலானவை உடைந்தது துருவால் அல்ல, அந்தக் குழாயால்.

டபிள்யூடி-40 அடித்தேன், அசையவில்லை. அது போதாதா?

அது ஈரத்தை விரட்டுவதற்காக 1953இல் அமெரிக்காவில் உருவானது. பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் "நீரை அகற்றுவது" என்பதையே குறிக்கின்றன. இலேசான துருவுக்கு உதவும். இறுகிப்போன போல்ட்டுக்கு, ஊடுருவும் எண்ணெய் என்றே விற்கப்படும் வகையை வாங்குங்கள். ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு பொறுமை என்பதே முக்கியம். முதலில் கம்பித் தூரிகையால் மேல்துருவைத் தேய்த்து எடுங்கள். எண்ணெய் விடுங்கள். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக, அளவாகப் பத்துப் பதினைந்து தட்டுத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவுக்குள் வெடிப்பு விழும், எண்ணெய் அதன் வழியே இறங்கும். இரவு ஒருமுறை, காலை ஒருமுறை, மறுநாள் இரவு ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். சனிக்கிழமை கழற்ற வேண்டிய போல்ட்டுக்கு வியாழக்கிழமையே எண்ணெய் விடுபவரின் போல்ட் பெரும்பாலும் உடைவதில்லை.

கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் கலந்தால் நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே?

தானியங்கி கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலப்பது பழைய பட்டறை வழக்கம். வேலை செய்கிறது, ஆனால் இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் வண்டியின் சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். தீ வேகமாகப் பற்றும் பொருளும்கூட. அடுத்த கேள்வியில் வரும் சூட்டோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

சூடாக்கலாமா? எதைச் சூடாக்க வேண்டும், போல்ட்டையா, சுற்றியுள்ள பாகத்தையா?

சுற்றியுள்ள பாகத்தை. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. கணக்குப் போட்டால், 8 மில்லிமீட்டர் துளையைச் சுற்றி 130 டிகிரி சூடு ஏற்றினால் போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடும். கேட்பதற்குச் சிறிதுதான். துருவின் பிடியை உடைக்க அது போதும்.

அலுமினியத்தில் ஓர் அபாயம் இருக்கிறது: இரும்பைப்போல் அது சிவந்து எச்சரிக்காது. நிறம் மாறாமலே இருந்து, ஏறத்தாழ 600 டிகிரியை நெருங்கும்போது திடீரெனச் சரிந்துவிடும். ஆகவே அலுமினியத்துக்கு நான் பயன்படுத்துவது சூடான காற்றை வீசும் ஹீட் கன் மட்டுமே. இரும்புப் பாகத்துக்குள் இரும்பு போல்ட் என்றால் எரிவாயு டார்ச் கொண்டு பாகத்தை நன்றாகச் சூடேற்றலாம். சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். உருகிய மெழுகு உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். எண்ணெய் போகாத இடத்துக்கும் அது போகிறது.

பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், பிரேக் குழாய், ரப்பர் சீல் ஆகியவற்றுக்கு அருகில் சூடு கூடாது. டேங்கைக் கழற்றி அப்பால் வைத்த பிறகே தொடங்குங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் சூடோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகை அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுப் புகையாக மாறக்கூடும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது.

ஜப்பான் பைக்கில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூ எப்போதும் வழுக்கித் தேய்ந்துவிடுகிறது. தவறு எங்கே?

ஸ்க்ரூ டிரைவரில்தான். பழைய ஜப்பானிய வண்டிகளில் இருப்பது நாம் வீட்டில் வைத்திருக்கும் பிலிப்ஸ் வகை அன்று. ஜிஸ் எனப்படும் ஜப்பானியத் தர வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். பிலிப்ஸ் நுனி அதற்குள் முழுமையாக உட்காராது, பலம் கொடுத்தால் மேலேறி வெளியே வழுக்கும். ஜிஸ் நுனி வாங்குங்கள். கூடவே, சுத்தியலால் அடித்தால் திரும்பும் கை இம்பாக்ட் டிரைவரையும் வாங்குங்கள். அழுத்தமும் திருப்பலும் ஒரே அடியில் கிடைக்கும். என் பெட்டியில் நான் மிக அதிகமாக இரவல் கொடுக்கும் கருவி அதுதான்.

இடப்பக்கம் திருப்பினால் கழலும், சரிதானே?

பெரும்பாலும். ஆனால் பல யமஹா பைக்குகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் இருக்கும். அதைத் தெரியாமல் "கழற்றியே தீருவேன்" என்று இறுக்கி உடைத்தவர்கள் இருவரை அறிவேன். அசையாத போல்ட் எதுவானாலும் அந்த வண்டியின் கையேட்டை ஒருமுறை பாருங்கள்.

உடைந்தேவிட்டது. இப்போது முதலில் என்ன செய்வது?

கருவியைக் கீழே வைத்துவிட்டு, பாருங்கள். வெளியே ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா? துளை மறுபக்கம் வரை போகிறதா, நடுவிலேயே முடிகிறதா? மறுபக்கம் திறந்திருந்தால் துண்டு உள்ளே எங்கே விழும்? சுற்றியுள்ளது அலுமினியமா, இரும்பா? இந்த நான்கும் தெரிந்தால்தான் அடுத்த அடி.

நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: எந்த முறையைத் தொடங்கினாலும், அது தோற்றால் அடுத்த முறைக்கு இடம் மிச்சமிருக்க வேண்டும். எண்ணெய் தோற்றால் சூடு இருக்கிறது. சூடு தோற்றால் வெல்டிங்கோ துளையோ இருக்கிறது. துளையைக் கோணலாகப் போட்டுவிட்டால் எல்லா வழியும் குறுகிவிடும். ஈசி அவுட் (உடைந்த போல்ட்டில் துளையிட்டு, அதற்குள் திருகி இறக்கிக் கழற்றும் கருவி) உள்ளே முறிந்தால் ஏறக்குறைய எல்லாமே அடைபட்டுவிடும். அதனால்தான் அவற்றை மற்ற முறைகளுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எதனால் பிடிப்பது?

ஐந்து மில்லிமீட்டர் இருந்தாலும் நல்ல காலம்தான். தலை போனதால் இழுவிசையும் போய்விட்டது. மிச்சமிருப்பது துருவின் பிடி மட்டுமே. முன்பு சொன்ன எண்ணெய், தட்டு, சூடு மூன்றையும் மறுபடி செய்யுங்கள். பிறகு இருபக்கமும் அரத்தால் தட்டையாகத் தேய்த்து வைஸ் கிரிப்பை (கவ்விப் பூட்டிக்கொள்ளும் இடுக்கியை) இறுக்கமாகக் கவ்வ விடுங்கள். ஒரே திசையில் இழுக்காமல், கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று ஆட்டுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மரத்தில் அடித்த ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதுபோலத்தான்.

நண்பர் வெல்டர். உடைந்த துண்டின்மேல் நட் வைத்துப் பற்றவைக்கலாம் என்கிறார். நம்பலாமா?

தாராளமாக. என் அனுபவத்தில் மிக நம்பகமான வழி இதுவே. பிடிக்க ஒரு நட் கிடைக்கிறது, துண்டின் உள்ளே வரை சூடும் பாய்கிறது. துண்டு துளையின் மேல்மட்டத்திலேயே உடைந்திருந்தாலும் செய்யலாம். முதலில் துண்டின் நடுவே உலோகத்தைச் சிறிது சிறிதாகக் குவித்து உயர்த்துவார்கள், அதன்மேல் நட்டை வைத்து உட்புறத்திலிருந்து பற்றவைப்பார்கள். சுற்றிலும் அலுமினியமாக இருந்தால் எஃகு உலோகம் அதில் ஒட்டாது என்பது நமக்குச் சாதகம். செம்மை மறைந்து ஆறியபின், மெழுகு வைத்து, மேலே சொன்னபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதல் நட் பிய்ந்து வரலாம். மூன்றாவது நான்காவது நட்டில் கழன்ற போல்ட்டுகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த முறை தோற்றாலும் எதுவும் கெடுவதில்லை.

பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். மின்னணுப் பெட்டியின் இணைப்பையும் கழற்றுங்கள். எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டச் சொல்லுங்கள். தொலைவில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

வெல்டிங் வசதி இல்லை. துளையிட்டு எடுக்கும் முறையை விளக்க முடியுமா?

எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டை வைத்துச் சொல்கிறேன். உடைந்த முகம் ஒருபோதும் சமமாக இருக்காது. முதலில் அதைச் சிறு அரவைக் கல்லால் தட்டையாக்குங்கள். பிறகு நடுவில் புள்ளி பதிக்கும் கூர்முனைக் கருவியான சென்டர் பஞ்சை வைத்து அடியுங்கள். ஆயத்த நேரத்தில் பாதியை இந்தப் புள்ளிக்கே கொடுங்கள். நடுவில் இல்லையென்றால் பஞ்சைச் சாய்த்து அடித்துப் புள்ளியை நகர்த்தலாம். துளை விழுந்துவிட்டால் நகர்த்த முடியாது. ஆழத்தில் உடைந்திருந்தால், மேல் பாகத்தின் துளைக்குள் சரியாக உட்காரும் ஒரு சிறு குழலை லேத்தில் கடைந்து வாங்குங்கள். நடுவில் 3 மில்லிமீட்டர் துளையுள்ள குழல் டிரில் நுனியைத் தானே மையத்தில் நிறுத்திவிடும்.

3 மில்லிமீட்டரில் தொடங்கி, 5, பிறகு 6 என்று ஏறுங்கள். வேகம் குறைவு, அழுத்தம் உறுதி, எண்ணெய் தாராளம். சுருள் சுருளாக உலோகம் வந்தால் சரியாக வெட்டுகிறது. தூளும் கீச்சொலியும் வந்தால் நுனி மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். கிடைத்தால் இடஞ்சுழி டிரில் பிட் வாங்குங்கள். அது கழலும் திசையிலேயே சுற்றுவதால், சூடும் அதிர்வும் சேர்ந்து பல நேரம் போல்ட் தானாகவே வெளியேறும். தலையில் வலிமைத் தர எண்ணாக 8.8 என்று குறித்த போல்ட்டைச் சாதாரணப் பிட் வெட்டும், 12.9 என்றிருந்தால் கோபால்ட் பிட் தேவை.

அப்படியும் வரவில்லையென்றால் 6.8 மில்லிமீட்டர் வரை போங்கள். அதுவே எம்8க்கு மரை வெட்டுமுன் போடும் துளையின் அளவு. எம்6 என்றால் 5 மில்லிமீட்டர். நடு தப்பாமல் வந்திருந்தால் இப்போது பழைய மரை மெல்லிய கம்பிச் சுருளாக மட்டுமே நிற்கும். கூரிய ஊசியால் அதன் நுனியைக் கிளப்பி, இடுக்கியால் உரித்தெடுத்து, டேப்பை (மரை வெட்டும் கருவியை) ஒருமுறை ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவு எதற்கு? ஈசி அவுட் ஒன்று போட்டுத் திருப்பினால் வந்துவிடாதா?

பெயர்தான் எளிது. முழு போல்ட்டே அசையாமல் உடைந்திருக்கிறது. அதைவிடப் பாதி தடிமனுள்ள ஒரு கருவி எப்படி அதை அசைக்கும்? மேலும் கூம்பு வடிவச் சுருள் வகை உள்ளே போகப் போகப் போல்ட்டின் சுவரை வெளிப்பக்கம் தள்ளி இன்னும் இறுக்குகிறது. துருவால் அல்லாமல், அளவுக்கு மீறி இறுக்கியதால் உடைந்த போல்ட்டுக்கு அது நல்ல கருவி. துருவில் உறைந்ததற்கு எண்ணெயும் சூடும் முடித்த பிறகே, அதுவும் கை டேப் பிடியால் மெதுவாக. பவர் டூல் கூடாது.

உங்கள் பேச்சைக் கேட்காமல் போட்டேன். ஈசி அவுட்டும் உள்ளேயே முறிந்துவிட்டது.

நானும் ஒருமுறை செய்திருக்கிறேன், நண்பரின் சிலிண்டர் ஹெட்டில். இரண்டு இரவு தூங்கவில்லை. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் அதன்மேல் கீறல்கூடப் போடாது. கடினமானது என்பதால் நொறுங்கவும் கூடியது: சிறு பஞ்சால் தட்டித் துண்டு துண்டாக்கி எடுக்க முயலலாம், அல்லது கார்பைடு பர்ரால் அரைக்கலாம். வராவிட்டால் பாகத்தைக் கழற்றிக்கொண்டு, தீப்பொறி அரிப்பு முறை இயந்திரம் வைத்திருக்கும் வார்ப்பு அச்சு (மோல்ட்) செய்யும் பட்டறைக்குப் போங்கள். மின்பொறியால் கடின எஃகையும் அது சுற்றியுள்ள உலோகத்தைத் தொடாமல் தின்றுவிடும். சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளில் இத்தகைய துல்லியப் பொறியியல் கடைகள் இருப்பது நமக்குப் பெரிய வரம்.

சிறிய பாகம், அவசரமில்லை என்றால் படிகாரம் இருக்கிறது. ஆம், தேக்கா கடைகளில் விற்கும் அதே படிகாரம்தான். வெந்நீரில் நிறையக் கரைத்து, பாகத்தை மூழ்கவைத்துச் சூடாகவே வைத்திருந்தால், அது எஃகைக் கரைத்துவிடும், பித்தளையை விட்டுவிடும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் பழைய முறை இது. கார்புரேட்டரின் பித்தளைப் பாகத்தில் முறிந்த எஃகுக்கு ஏற்றது. நாள்கணக்கில் ஆகும், மற்ற எஃகுப் பகுதி எதுவும் அந்தப் பாகத்தில் இருக்கக் கூடாது, அதையும் அது கரைத்துவிடும்.

போல்ட் வந்துவிட்டது, ஆனால் மரை சிதைந்துவிட்டது. பாகத்தையே மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. ஹெலிகாயில் எனும் எஃகுச் சுருளைப் போடலாம். எம்8க்கு 8.3 மில்லிமீட்டர் துளையிட்டு, அதற்குரிய தனி டேப்பால் மரை வெட்டி, சுருளைத் திருகி இறக்க வேண்டும். அலுமினியத்தில் பழைய மரையைவிட அது வலுவாகவே இருக்கும். துளை நடுவிலிருந்து சற்றுத் தப்பியிருந்தாலும் இது காப்பாற்றும், பெரிதும் தப்பியிருந்தால் காப்பாற்றாது.

பிரேக் பாகத்தில் உடைந்திருந்தால்?

பிரேக் எண்ணெயிலிருந்து காற்று நீக்கும் நிப்பிள் உடைந்தால், அது உள்ளீடற்றது என்பதால் மேலே சொன்ன முறைகளில் ஒருமுறை முயலலாம். காலிப்பரை (பிரேக் தட்டைக் கவ்வும் பாகத்தை) தாங்கும் போல்ட்டின் மரை சிதைந்திருந்தால் பாகத்தை மாற்றுங்கள். இந்த ஓர் இடத்தில் சிக்கனத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். பின்னிருக்கையில் உங்கள் பிள்ளை உட்காருகிறது.

மறுபடி துருப்பிடிக்காமல் இருக்க எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக மாற்றிவிடட்டுமா?

போல்ட் துருப்பிடிக்காது, ஆனால் முதல் கேள்வியில் சொன்ன வெள்ளைத் தூள் நோய் கூடும். கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு அது நல்ல மாற்றம் அன்று. சாதாரண ஸ்டெயின்லெஸ் 8.8 எஃகைவிட வலுவும் குறைவு. அதே தரத்துப் புது போல்ட்டை வாங்கி, மரையில் மெல்லிதாக, போல்ட் இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை தடவுங்கள். பசை உராய்வைக் குறைப்பதால், கையேட்டிலுள்ள இறுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து இறுக்குங்கள். சக்கர நட்டுகளுக்கும் பிரேக் போல்ட்டுகளுக்கும் அந்தப் பசை வேண்டாம். சூடேற்றிய பழைய போல்ட்டை மீண்டும் போடாதீர்கள்.

வீட்டின் கீழே உள்ள வண்டி நிறுத்துமிடத்திலேயே செய்யலாமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடம் பட்டறை அன்று. டார்ச், வெல்டிங், அரவை எதுவும் அங்கே கூடாது. பக்கத்து வண்டியின் டேங்கிலும் பெட்ரோல் இருக்கிறது. சில சொட்டு எண்ணெயைத் துணி விரித்து விடுவதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை காக்கி புக்கிட், சின் மிங், சுங்கை காடுட் பக்கமுள்ள தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே சொல்லும்போது இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே ஈசி அவுட் முறிந்து கிடப்பதைச் சொல்லாமல் விட்டால் அவர்களின் டிரில் பிட்தான் போகும்.

2028இல் ஓடக் கூடாது என்று சொல்லப்படும் வண்டிக்கு இவ்வளவு பாடு தகுமா?

2003 ஜூலை 1க்கு முன் சாதாரணப் பதிவில் வந்த மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட முடியாது. உண்மைதான். ஆனால் மூன்று ஆண்டு கடந்த எந்த மோட்டார் சைக்கிளும் ஆண்டுதோறும் சோதனைக்குப் போயாக வேண்டும். எக்ஸாஸ்ட் ஸ்டட் (புகைக்குழாயைப் பிடிக்கும் தலையில்லா போல்ட்) உடைந்து புகை கசியும் வண்டி அதில் தேறுவது கடினம். இன்றைக்கும் நாளைக்கும் நீங்கள் அதன்மேல்தான் உட்காருகிறீர்கள். தகும் என்பதே என் பதில்.

ஹெலிகாயில் போட்ட வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். எந்தத் துளை, என்ன அளவு, எந்தத் தேதி என்று பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதி வண்டியோடு கொடுங்கள். நன்றாகப் போட்ட ஹெலிகாயில் குறையே அன்று. ஆனால் அடுத்த முறை அந்தப் போல்ட்டைக் கழற்றுபவருக்கு, போல்ட்டோடு சேர்ந்து ஒரு கம்பிச் சுருளும் வெளியே வந்தால் அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.